அம்மாவுக்கு இல்லாத அச்சம் மனைவிக்கு ஏன்?

கேள்வி: பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே ஓர் அடுக்ககத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். என் தாயார் இந்தப் பகுதிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இரவு ஒன்பதரை மணிக்குக் கோயிலிலிருந்து தனியாக நடந்து வருவார். பயம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. திருமணமாகித் தென்சென்னையிலிருந்து வந்த என் மனைவியோ, வேலை முடிந்து மின்சார ரயிலில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக வீட்டுக்கு நடந்து வரும் பத்து நிமிடத்தை நினைத்தே கலங்குகிறார். சென்ற மாதம் எங்கள் கட்டடத்துப் பெண் ஒருவரின் கைப்பேசியை பைக்கில் வந்த இருவர் பறித்துச் சென்றார்கள். அதிலிருந்து குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஏதாவது ஒரு காணொளி வருகிறது. பின்புறத் தெருவின் முனையில் இரும்புக் கதவு போட்டு, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வருபவர்களை இரவில் தடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் நண்பர்கள் பலர் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். இங்கே ஒன்றும் ஆகாது என்பது அவன் கட்சி. யார் சொல்வது சரி? இந்தப் பகுதி பாதுகாப்பானதா, இல்லையா? வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில் (குற்றவியல் ஆசிரியர்):

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தாயாரும் மனைவியும் தத்தம் வழியைப் பற்றிச் சரியாகவே சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் சொல்லப்படுவதை அவ்விருவரின் சொல்லோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. கதவுக்கான மனுவில் நீங்கள் கையெழுத்திட வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டை விற்பதற்குப் போதிய காரணமும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. ஆனால் உங்கள் மனைவியின் கலக்கத்தை "பழகினால் சரியாகிவிடும்" என்று தள்ளிவைப்பீர்களானால், மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் சரியாக நடந்துகொண்டாலும் பயனில்லை.

இந்தப் பகுதி பாதுகாப்பானதா என்று கேட்டால் விடை கிடைக்காது. யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதிலிருந்து என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும். உங்கள் தாயார் நடக்கும் வழியில் இஸ்திரி வண்டிக்காரர் இருக்கிறார், இரவுக் கடை இட்லி அம்மா இருக்கிறார், ஆட்டோ நிறுத்தம் இருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன். அவர் ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மறுநாள் கேட்க ஆள் உண்டு. உங்கள் மனைவி நடக்கும் வழியோ ரயில் வந்து போன பிறகு ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடுகிற, கடைகள் இல்லாத, உள்ளே நுழைந்துவிட்டால் மறுமுனை வரை விலகிச் செல்ல இடமில்லாத ஒரு சுரங்கப்பாதை. அங்கே அவரைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் யாருமில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் இருவரும் நடந்து வருவது வேறு வேறு ஊர்களில். நீங்கள் எதில் வருகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. இரு சக்கர வண்டியில் வருகிறவராக இருந்தால், இந்த இரண்டு வழிகளையும் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி உங்கள் வீட்டிலேயே உங்களுக்குத்தான் குறைவு.

பெண்களும் முதியவர்களும் குற்றத்தைக் கண்டு அதிகம் அஞ்சுகிறார்கள், ஆனால் தெருவில் நடக்கும் அடிதடிக்கும் வெட்டுக்கும் அதிகம் ஆளாகிறவர்கள் இளைஞர்கள் என்பதைப் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. தொடக்கத்தில் இதை வைத்துப் பெண்களின் அச்சம் காரணமற்றது என்று எழுதியவர்கள் உண்டு. பெண்கள் அஞ்சுவதில் பெரும்பகுதி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. பின்னாலேயே நடந்து வருவது, வழியை மறித்து நிற்பது, காதில் விழும்படி அசிங்கமாகப் பேசுவது, கூட்டத்தில் கை வைப்பது ஆகியவற்றுக்காகக் காவல் நிலையம் செல்பவர் எத்தனை பேர்? 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தகைய சீண்டலின்போது உயிரிழந்த பிறகே தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும், நடப்பவற்றில் மிகச் சிறு பகுதிதான் வழக்காகிறது. ஆகவே உங்கள் மனைவியிடம், "உனக்கு இதுவரை என்ன நடந்தது?" என்று வழக்கறிஞர்போல் கேட்காதீர்கள். எந்த இடத்தில் நடையை வேகப்படுத்துகிறாய், எந்த இடத்தில் கைப்பேசியை எடுத்துப் பேசுவதுபோல் நடிக்கிறாய் என்று கேளுங்கள். எந்தக் காவல் வரைபடத்திலும் இல்லாத தகவல் உங்களுக்குக் கிடைக்கும்.

உங்கள் தாயாரின் துணிவையும் அப்படியே எல்லா நேரத்துக்கும் நீட்டிவிட முடியாது. இரவு ஒன்பதரை மணிக்கு அவருடைய தெருவில் அவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் நம் ஊரில் சங்கிலிப் பறிப்புக்காரர்கள் தேடுவது பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த அதிகாலையில் கோலம் போடவும் பால் வாங்கவும் நடைப்பயிற்சிக்கும் வெளியே வரும் நடுத்தர வயது, முதிய பெண்களைத்தான். பைக்கில் வருகிறவன் அந்தத் தெருக்காரனாக இருக்க வேண்டியதில்லை, பாட்டியை அவனுக்குத் தெரியவும் தெரியாது. தெருவே நம்மை அறியும் என்ற நம்பிக்கை, தெருவுக்கு வெளியிலிருந்து வருபவனிடம் செல்லாது. அதிகாலையில் வெளியே போகும்போது சங்கிலியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நடப்பது அங்கே நடக்கும் மற்றப் பெண்களுக்கும் பாதுகாப்பு.

அடுத்து, எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் சென்னை மாநகரத்துக்கு ஒரு வரி இருக்கும். உங்கள் தெருவுக்கு எதுவும் இருக்காது. அந்த ஒரு வரியையும் கவனமாகப் படிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவானவை மட்டுமே அதில் ஏறும். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணுவார்கள். பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. நம் மாநிலத்தில் இன்னொரு படியும் உண்டு: புகார் கொடுத்தவருக்கு சி.எஸ்.ஆர். எனப்படும், புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவது. ரசீதோடு நின்றுபோன புகார், குற்றக் கணக்குக்குள் வருவதில்லை. பறித்துச் செல்லப்பட்ட கைப்பேசியைத் தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்ல, பலரும் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். குற்றம் ஒன்று அங்கேயே தவறிய பொருளாகிவிடுகிறது. ரயிலிலோ நடைமேடையிலோ பறிபோனால் அது இருப்புப்பாதைக் காவல்துறையின் வழக்கு. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் எண்ணிக்கையில் அது தெரியாது. போதாததற்கு, 2022 ஜனவரி 1 முதல் சென்னைக் காவல் ஆணையரகத்திலிருந்து தாம்பரமும் ஆவடியும் தனித்தனி ஆணையரகங்களாகப் பிரிக்கப்பட்டன. முன்பைவிட இப்போது கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த எல்லைக்குள் எண்ணியது என்று கேளுங்கள்.

இவ்வளவு குறைகள் இருந்தாலும் எண்கள் சில செய்திகளை உறுதியாகச் சொல்கின்றன. 2022இல் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றில் 9,962 வழக்குகளுக்குத் தகராறுதான் காரணம். பொருளுக்காக நடந்தவை 1,884. வடசென்னை என்றதும் பலருக்கு நினைவில் எழும் வெட்டுக்குத்துச் செய்திகளும் பெரும்பாலும் முன்விரோதம் உள்ளவர்களுக்கிடையே நடப்பவை. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் அதில் சிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் தாயாரின் நிதானத்துக்கு அடிப்படை இதுதான். நாற்பது ஆண்டுகளாக அவர் யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இது பேசப்படுவதே இல்லை. பெண்களுக்கு எதிரான குற்றங்களாக நாட்டில் பதிவாகும் வழக்குகளில் முதலிடம் கணவரும் அவருடைய உறவினரும் இழைக்கும் கொடுமைக்கு. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். எந்த இரும்புக் கதவும் இவற்றைத் தடுப்பதில்லை.

வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். உங்கள் கட்டடத்தில் நடந்தது ஒரு பறிப்பு. அதை ஐம்பது பேர் தினமும் பேசும்போது ஐம்பது பறிப்புகள் நடந்ததுபோல் மனத்தில் பதிகிறது. இடையிடையே எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுத்தது என்று தெரியாத காணொளிகளும் சேர்கின்றன. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பமொன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டு, ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களும் தங்கள் ஊரைப் பாதுகாப்பதாகத்தான் நினைத்தார்கள். குழுவில் காணொளி வந்தால் தேதி, இடம், காவல் நிலையம் மூன்றையும் கேளுங்கள். மூன்றும் இல்லாததைப் பகிர வேண்டாம் என்று ஒரு விதி வைக்கச் சொல்லுங்கள். நிர்வாகி ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் குழுவை ஒலியடக்கி வைப்பது உங்கள் மனைவியின் உடல்நலத்துக்கும் நல்லது.

பறித்தவர்கள் பைக்கில் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; வாரியக் குடியிருப்பிலிருந்து வந்தார்கள் என்று எழுதவில்லை. ஆனால் சங்கம் எழுப்ப நினைக்கும் கதவு அந்தக் குடியிருப்பின் பக்கம்தான் இருக்கிறது. அடையாளம் தெரியாத இருவரிடமிருந்து, நன்றாக அடையாளம் தெரிந்த சில நூறு குடும்பங்களுக்குச் சந்தேகம் தாவியது எப்படி? சிகாகோ நகரத்தில் ராபர்ட் சாம்சன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் வண்டியில் சென்று வீதிகளை ஒளிப்பதிவு செய்து, குப்பை, உடைந்த கண்ணாடி, சுவர்க் கிறுக்கல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு அதே வீதிகள் எவ்வளவு சீர்கெட்டிருக்கின்றன என்று அங்கே வாழ்பவர்களிடம் கேட்டார்கள். எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், கறுப்பின மக்களும் ஏழைகளும் கூடுதலாக வாழ்ந்த வீதிகளை மக்கள் கூடுதல் சீர்கேடாகக் கண்டார்கள் என்பது 2004இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. நம் ஊரில் கறுப்பினம் என்ற இடத்தில் என்னென்ன வந்து அமரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதன் குடியிருப்புகளைப் பார்க்கும் பார்வை அப்படியே இருக்கிறது. நகரத்தின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகர் மக்கள், வேலைக்கான நேர்காணலில் முகவரியைச் சொன்னால் வாய்ப்புப் பறிபோகிறது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் தாயார் பேசுகிறார், மனைவி பேசுகிறார், மகன் பேசுகிறான், சங்கம் பேசுகிறது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு குரலும் இல்லை. மகனின் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரவில் ரோந்துக் காவலர் நிறுத்தி முகத்தைச் செயலியில் ஒப்பிட்டுப் பார்க்கும் அனுபவம் உங்கள் மகனுக்கு எத்தனை முறை நேர்ந்தது, அவர்களுக்கு எத்தனை முறை நேர்ந்தது என்று அவர்களே சொல்வார்கள். அங்கே வாழும் பெண்களுக்கும் அந்தச் சுரங்கப்பாதை இருட்டாகத்தான் இருக்கிறது. அவர்களில் பலர் வீட்டு வேலை முடித்து, உங்கள் மனைவிக்கும் பிந்தி அதே வழியில்தான் வருகிறார்கள். கதவு வந்தால் அவர்கள் சுற்றுவழியில் போக வேண்டும். பின்புறத் தெருவில் இப்போது இரவில் இருக்கும் கொஞ்ச நடமாட்டமும் நின்றுபோகும். ஆளில்லாத தெரு பறிப்புக்காரனுக்கு வசதி என்பது பாலபாடம். பைக்கில் வருகிறவனுக்கு முன்பக்கச் சாலை எப்போதும் திறந்துதான் இருக்கும். சட்டப்படியும், அது மாநகராட்சித் தெருவாக இருந்தால் சங்கம் அதற்குப் பூட்டுப் போட முடியாது. கண்காணிப்புக் கேமரா வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எதிர்க்க வேண்டாம். மாநகரக் காவல்துறையின் "மூன்றாவது கண்" திட்டத்தால் பல வழக்குகளில் ஆளைப் பிடிக்க உதவி கிடைத்திருக்கிறது. ஆனால் கேமரா நடந்த பிறகுதான் பெரிதும் உதவும். மங்கலான சுரங்கப்பாதையில் கேமரா மங்கலான படத்தைத்தான் தரும்.

அங்கே முதலில் வேண்டியது வெளிச்சம். நியூயார்க்கில் 2016இல் பொதுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன. சென்னையிலும் அதே அளவு குறையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வீட்டையும் சந்தேகிக்காமல் செய்யக்கூடிய காரியம் இது. ஒரு நாள் மாலை ஏழரை மணிக்கு நீங்களும் மனைவியும் நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து, எரியாத விளக்குக் கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் அந்தக் கம்ப எண்களோடு புகார் செய்தால் பதிவு எண் கிடைக்கும். சுரங்கப்பாதையின் எந்தப் பகுதி ரயில்வேக்கு உரியது, எது மாநகராட்சிக்கு உரியது என்பதை வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டே ஆண்டைக் கடத்திவிடும். 2022 நவம்பர் முதல் வார்டுகளில் நடக்கும் ஏரியா சபைக் கூட்டம் இதற்கு ஏற்ற இடம். வழியில் டாஸ்மாக் கடை இருந்து, வாசலில் குடித்துவிட்டு நிற்பவர்கள்தான் மனைவியின் கலக்கத்துக்குக் காரணம் என்றால், அதையும் மனுவில் வெளிப்படையாக எழுதுங்கள்.

கைப்பேசி பறிபோன பெண்ணுக்கு முதல் தகவல் அறிக்கை கிடைத்ததா என்று கேளுங்கள். சி.எஸ்.ஆர். மட்டும் கிடைத்திருந்தால் அதோடு விடக்கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவு பறிப்பைத் தனிக்குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. வழக்குப் பதிவு செய்யுமுன் பூர்வாங்க விசாரணைக்குக் காவல்துறை பதினான்கு நாள் வரை எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதற்குப் பிறகும் பதிவாகாவிட்டால் துணை ஆணையருக்கு எழுத்தில் அனுப்பலாம், அடுத்து நீதித்துறை நடுவரிடம் செல்லலாம். பதிவான வழக்குதான் ரோந்து எந்தத் தெருவுக்கு, எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை முடிவு செய்ய உதவும். குழுவில் நூறு செய்தி போடுவதைவிட நிலையத்தில் ஒரு வழக்குப் பதிவாவது உங்கள் தெருவுக்குப் பயன்படும்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஒன்றும் ஆகாது என்று அவன் சொல்வதில் பாதி உண்மை, பாதி வயது. தெருச் சண்டையில் அடிபடும் வாய்ப்பு உங்கள் வீட்டில் மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் அதிகம். நண்பர்களைத் தடுக்காதீர்கள், வேறு யாருடைய தகராறுக்கும் துணைக்குப் போகக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

வீட்டை விற்பது பற்றி: விளக்குக்கான மனு கொடுத்து ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதுவரை மனைவி சுரங்கப்பாதையைத் தவிர்த்துப் பேருந்திலோ பங்கு ஆட்டோவிலோ முன்பக்கச் சாலை வழியாக வரட்டும். அந்தச் செலவை வீட்டுச் செலவாகவே எழுதுங்கள். விளக்கு எரிந்து, வழி மாறி, அதன் பிறகும் ஒவ்வொரு மாலையும் அவருக்கு அதே கலக்கம் இருந்தால், வீடு மாறுவது நியாயமான முடிவுதான். அந்த முடிவில், நாள்தோறும் அந்த வழியில் நடக்கிறவர் என்பதால் உங்கள் வாக்கைவிட அவருடைய வாக்குக்கு எடை அதிகம். இதற்கிடையில் கதவுக்குக் கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருக்காமல், விளக்குக்கான மனுவை அவர்கள் முன் நீட்டுங்கள். அதில் முதல் பத்துக் கையெழுத்துகளை, மகனின் நண்பர்கள் வீட்டுப் பெண்களிடமே வாங்கி வைத்திருங்கள்.